ராணி பிரேக்டவுன் ஆனாள்

வகுப்பில் எல்லோரும் பட்டாணி என்று கூப்பிடும் பெண்ணுக்கு ஒரு வாரமாக வயிற்றெரிச்சல். ஆங்கில நாடகத்தில் ராணி வேஷம் கூடப் படிக்கும் மெக்கானிக்கின் மகளுக்குப் போய்விட்டது. பட்டாணிக்குக் கிடைத்ததோ, ராணிக்கு விசிறி வீசும் தோழி வேஷம். பேச ஒரு வரிகூடக் கிடையாது.

இத்தனைக்கும் ராணியின் வசனம் முழுவதும் பட்டாணிக்குத் தலைகீழ்ப் பாடம். யாரும் கேட்கத்தான் இல்லை.

நாடகத்தன்று காலையில் டீச்சர் கடைசிக் காட்சியை மாற்றி எழுதிக் கொடுத்தார். ஒத்திகைக்கு நேரமில்லை. ராஜா போரில் தோற்ற சேதி வந்ததும் 'குயின் பிரேக்ஸ் டவுன்' என்று அதில் இருந்தது. பட்டாணி உடனே அகராதியைப் புரட்டினாள். ராணி மனம் உடைந்து அழ வேண்டுமாம்.

மேடைக்குப் பின்னால் மெக்கானிக்கின் மகள் அவளிடம் வந்தாள்.

"எங்கப்பா கடைக்குத் தினமும் பிரேக்டவுன் வண்டிதான் வருது. அப்ப நான் அப்படியே அசையாம நிக்கணும், அவ்வளவுதானே?"

பட்டாணி சொல்ல வாய் திறந்தாள். மெக்கானிக்கின் மகள் தலையில் மின்னிய கிரீடத்தைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. நிற்கட்டும், நன்றாக நிற்கட்டும் என்று நினைத்துக்கொண்டு "ம்" என்றாள்.

மேடையில் சேதி வந்தது. ராணி ஒரு கையைத் தூக்கியபடி நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரிக்க, சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. ராணியின் கண்கள் மட்டும் உருண்டு உருண்டு பட்டாணியைத் தேடின.

இதற்குத்தானே பட்டாணி ஆசைப்பட்டாள்? ஆனால் அந்தக் கண்களைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விசிறியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ராணியைக் கட்டிக்கொண்டாள்.

"அழணும்டி," என்று காதில் கிசுகிசுத்தாள்.

"திடீர்னு எப்படிடி அழறது?"

"நான் அழறேன். நீ முகத்தை மூடிக்கோ."

ஒரு வாரத்து எரிச்சலும் பொலபொலவென்று கொட்டியது. அந்த அழுகையைக் கேட்டு ராணிக்கும் உதடு துடித்தது, பிறகு நிஜமாகவே கண்ணீர் வந்தது. கூட்டம் கப்சிப் ஆனது. திரை விழுந்ததும் கைதட்டல் அரங்கத்தை அதிர வைத்தது.

"உனக்கு எப்படிடி உடனே அழுகை வந்துச்சு?" என்று கேட்டாள் மெக்கானிக்கின் மகள்.

பட்டாணி தலை குனிந்தாள். "உன் வேஷத்து மேல இருந்த பொறாமைடி. அர்த்தம் தெரிஞ்சும் நான் சொல்லல."

மெக்கானிக்கின் மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடிப்பாவி," என்றாள். ஆனால் பட்டாணியின் கையை இறுகப் பிடித்து, கூட்டத்துக்கு வணக்கம் சொல்ல மேடைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.