விலகிய கை

துளைக்கருவியின் முனை தொடையெலும்பைத் தொட்டதும் செண்பகவல்லியின் வலது கை நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது.

மேசையில் மயக்கத்தில் கிடந்தவள் மாரிச்செல்வி. வயது இருபத்திரண்டு, கோவில்பட்டி ஹாக்கி அணியின் முன்கள ஆட்டக்காரி. மூன்று வாரத்துக்கு முன்னால், ஓடும்போது சட்டென்று திரும்பியதில் இடது முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் அறுந்துபோனது. தொடையின் பின்புறத்திலிருந்து வேறொரு நாரை எடுத்து, எலும்பில் துளையிட்டு அங்கே பொருத்த வேண்டும். செண்பகவல்லி இதை எழுநூறு முறை செய்திருக்கிறாள். சரியாகச் சொன்னால், அவள் கைகள் செய்திருக்கின்றன.

அந்தக் கைகளுக்குத் தெரிந்ததெல்லாம் டாக்டர் ரகுமத்துல்லாவுடையது. அவர் பழைய முறையில் படித்தவர். மருத்துவப் படிப்பு ஐந்தரை வருடம், எலும்பு அறுவைக்கு மூன்று, விளையாட்டுக் காயங்களுக்கென்று இன்னும் இரண்டு. அவர் செய்த நானூறு அறுவைகளின்போது அவருடைய விரல்களில் ஓடிய நரம்புச் செய்திகளை 'கைப்பதிவி' என்ற கருவி அப்படியே எடுத்து வைத்திருந்தது. அந்தப் பதிவு செண்பகவல்லிக்குள் ஏறப் பதினொரு வாரம்தான் ஆனது. முதல் அறுவையில் தன் விரல்கள் முடிச்சுப் போடுவதை யாரோ போடுவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பழகிவிட்டது.

"என்ன மேடம், நிறுத்திட்டீக?" என்றாள் செவிலி டெய்சி.

"நான் நிறுத்தல."

அதற்குள் இடது கை நகர்ந்து மாரிச்செல்வியின் கணுக்காலைப் பிடித்தது. முழங்காலை வழக்கத்தைவிட அதிகமாக மடக்கியது. உடனே திரையில் மஞ்சள் விளக்கு எரிந்து, விலகல்மணி ஒலிக்கத் தொடங்கியது. பதிவில் இல்லாத ஒன்றைக் கை செய்தால் ஒலிக்கும் மணி அது.

"இது பதிவுலயே கிடையாதே மேடம். நிப்பாட்டிருவமா?"

மணி ஒலித்தால் கருவியை வைத்துவிட வேண்டும் என்பது விதி. மாற்று மருத்துவர் மதுரையிலிருந்து வர வேண்டும். ஏன் மடக்கினோம் என்று செண்பகவல்லி யோசித்துப் பார்த்தாள். ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஆனால் காலைப் பழையபடி நீட்ட மனம் வரவில்லை.

"இப்படியே பிடிச்சுக்கோ டெய்சி," என்றாள். இதைச் சொன்னது தான்தானா என்றும் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

மணி ஒலித்துக்கொண்டே இருக்க, துளையிட்டு முடித்தாள்.

மறுநாள் மாரிச்செல்வி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மணி ஒலித்த செய்தி அவள் காதுக்கும் போயிருந்தது.

"டாக்டர், ஒம்பது மாசத்துல செலக்‌ஷன். நா ஓடுவேனா?"

"நீ ஓடுவன்னுதான் நினைக்கேன்."

"மடக்கினது நீங்களா, அந்த ரகுமத்துல்லா சாரா?"

செண்பகவல்லி கட்டைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

பத்து நாளில் சென்னையிலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. கைப்பதிவு வாரிய அதிகாரி திருமலைக்கொழுந்து அவளை உட்காரவைத்து, மாரிச்செல்வியின் எலும்புப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"துளைக்குப் பின்னாடி இருக்கிற இந்தச் சுவரைப் பாருங்க. இந்தப் பொண்ணுக்கு ரொம்ப மெலிசு. காலை அதிகமா மடக்காம, பதிவுல இருக்கிற கோணத்துல துளைச்சிருந்தா உடைஞ்சிருக்கும். நார் பிடிச்சு நிக்க இடமே இருந்திருக்காது."

அவளுக்கு மூச்சு வந்தது. "அப்ப ரகுமத்துல்லா சாருக்கு இது தெரிஞ்சிருக்கு."

"அவர்கிட்டயே காட்டினோம். 'இது என் கை இல்லையே'ன்னுட்டாரு."

"பிறகு யாரு கை?"

திருமலைக்கொழுந்து கோப்பைத் திருப்பினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், எல்லா மூட்டு மருத்துவர்களுக்கும் ரகுமத்துல்லாவின் மூலப்பதிவை மறுபடி ஏற்றுவார்கள். கோவில்பட்டி மையத்தில் இயந்திரம் பழுதாகிக் கிடந்ததால் அவளுக்கு இரண்டு முறை விட்டுப்போயிருந்தது.

"கடைசியா ஏத்திப் பதினாலு மாசம். அதுல முந்நூறு முழங்கால். உங்க கை தானாவே கத்துக்கிட்டிருக்கு மேடம்."

சந்தோஷப்பட வேண்டுமா என்று அவளுக்குப் புரியவில்லை. தனக்கே தெரியாமல் ஒன்றைக் கற்றிருக்கிறாள். எப்போது, எந்த முழங்காலில்? நினைத்துப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"மத்த டாக்டர்களும் கத்துக்கிட்டுத்தானே இருப்பாங்க?" என்றாள் மெதுவாக. "அதை வருஷத்துக்கு ரெண்டு தடவை துடைச்சிருதீங்களா?"

"துடைக்கிறதுன்னு நாங்க சொல்றதில்ல. சீராக்கம்."

"எத்தனை வருஷமா?"

அவர் கோப்பை மூடினார். "நல்ல செய்தி வரும், போயிட்டு வாங்க," என்றார்.

நவம்பர் கடைசியில் உத்தரவு வந்தது. செண்பகவல்லியின் கையைப் புதிய மூலப்பதிவாக வாரியம் ஏற்றுக்கொண்டிருந்தது. ஜனவரியிலிருந்து மாநிலத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டு மருத்துவர்களுக்கும் அதையே ஏற்றுவார்கள். டெய்சி இனிப்பு வாங்கி வந்தாள். பெயர்ப் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்த செண்பகவல்லி தொண்ணூற்றோராவது பெயரில் நின்றாள். அது அவளுடையது.

திருமலைக்கொழுந்தைப் போனில் அழைத்தாள்.

"என் கையையே எனக்கு ஏத்தப் போறீங்களா சார்?"

"ஆமா மேடம். விசாரணைக்கு வந்த அன்னைக்குப் பதிவெடுத்தோம்ல, அந்தக் கை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. இனி உங்களுக்கும் எதுவும் விலகாது."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். போனை வைத்தபோது அறுவை அரங்கில் அடுத்த முழங்கால் தயாராக இருந்தது. ஜனவரிக்கு இன்னும் ஐந்து வாரம். அதற்குள் கை புதிதாக எதையாவது கற்றுக்கொண்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.