மேம்பாலத்தடியில் இரண்டு முன்சக்கரங்கள்

நாடும் நகரமும் கைவேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு, மாதனூர் நவநீதன், எந்த மெக்கானிக்கின் தயவும் இல்லாமல், தன் காரின் முன்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் தன் சொந்தக் கைகளாலேயே கழற்றி, புதிதாக மாட்டி முடித்தான்.

ராக்கெட் விட்டவர்கள்கூட இத்தனை படம் எடுத்திருக்க மாட்டார்கள். கிரீஸ் பூசிய கையோடு ஒன்று. தேய்ந்துபோன பழைய ஷாக் அப்சார்பரை, வேட்டையில் விழுந்த புலி போலக் காலடியில் கிடத்தி ஒன்று... பதினேழு படங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏறின. கீழே ஒரு வரி: ‘மெக்கானிக் கேட்ட கூலி நாலாயிரம். நம்ம கூலி சைபர்!’

பெருமைப்பட அவனுக்கு வேறு காரணமும் இருந்தது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். இடது காலையும் வலது காலையும் ஜோடி சேர்த்துப் பெட்டியில் வைக்கிற மேசை அவனுடைய ராஜ்ஜியம். பதினோரு வருஷத்தில், இரண்டு இடது காலோடு ஒரு பெட்டிகூட வெளிநாடு போனதில்லை. இதை அவன் சொல்லிக் கேட்காத ஆள் மாதனூரில் இல்லை. ஒரு தடவை மட்டும் கேட்டவரும் இல்லை.

“பள்ளிகொண்டா பெருமாளைப் பாத்துட்டு வந்துடலாம்டா” என்றாள் அம்மா சம்பூர்ணம். கோயில் நடை நாலு மணிக்குத்தான் திறக்கும். மகன் பழுதுபார்த்த வண்டியில் ஏறுகிற அவசரத்தில் ஒன்றரைக்கே பட்டுப்புடவை கட்டிவிட்டாள்.

நெடுஞ்சாலையில் வண்டி நேராகத்தான் போனது. பள்ளிகொண்டா மேம்பாலத்துக்குக் கீழே திரும்பும்போதுதான் வானம் பொத்துக்கொண்டது. கூடவே, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபோது, இடது முன்சக்கரத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம். கிர்ர்ர்... டக்.

வண்டியைப் பாலத்துக்கடியில் ஓரம் கட்டினான்.

“ஹலோ! இன்னொரு வாட்டி அப்டி ஒடிக்காதீங்க!”

குரல் வந்த பக்கம் திரும்பினான். மழைக்கு ஒதுங்கிய ஒரு ஸ்கூட்டர். பின்சீட்டில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய லுங்கி மூட்டை. பக்கத்தில் அவள். புருவத்தில் ஒரு மழைத்துளி தயங்கி நின்றது... இமைக்கு இறங்கியது... அங்கிருந்து விழ மனசில்லாமல் நடுங்கியது. அதற்குக் கீழே இரண்டு கண்கள். மை கலைந்தும் கலையாமலும், மழைக்கு முந்தைய மேகம் போல...

நவநீதனின் நெஞ்சுக்குள் ஏதோ நழுவியது. அந்தக் கண்கள் அவனைப் பார்க்கவேயில்லை. அவனுடைய முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“யாரு வேலை பாத்தது இதை?”

“நான்தான்.” மார்பு ஒரு அங்குலம் விரிந்தது.

“தெரியுது.”

விரிந்த மார்பு அப்படியே நின்றது. அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சக்கரத்தருகே குத்துக்காலிட்டாள். “இங்க பாருங்க. பிரேக் ஹோஸ், இந்த ரப்பர் குழாய், எப்டி விறைச்சிக்கினு நிக்குதுன்னு. அதைப் புடிக்கிற கொக்கி சக்கரத்துக்குப் பின்னால வரணும். உங்களுக்கு முன்னால இருக்கு. இடதும் வலதும் மாத்திப் போட்டுட்டீங்க.”

பாலத்தின் மேல் ஓடிய லாரிகளெல்லாம் ஒரு கணம் நின்றுவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

“இன்னாங்க பேசுறீங்க? ஷாக் மேலயே எல், ஆர்னு போட்டிருக்கான். எல் இடது, ஆர் வலது. நான் யாரு தெரியுமா? பதினோரு வருஷமா...”

“மாட்டும்போது எங்க நின்னீங்க?”

“வண்டிக்கு எதிர்ல.”

“அங்கதான் தப்பு. உங்க இடதுகை பக்கம் எல் மாட்டியிருக்கீங்க. அது வண்டிக்கு வலது.” நிமிர்ந்து நின்றாள். “எங்களுக்குக் குடியாத்தத்துல பவர்லூம் ஷெட்டு. இடதுகை தறி, வலதுகை தறின்னு ரெண்டு தினுசு இருக்கு. நெய்யிறவர் நிக்கிற எடத்துலேர்ந்து பாக்கணும். எதிர்ல நின்னு பாத்து பார்ட்ஸ் வாங்கினா எல்லாம் தலைகீழ். காருக்கும் அதேதான். உள்ள உக்காந்து ஓட்றவரு கைதான் கணக்கு.”

மேசையில் வரும் ஷூ எப்போதும் குதிகால் அவன் பக்கமாகத்தான் வரும். இடது கால் இடக்கைப் பக்கம். பதினோரு வருஷப் பழக்கம், காரின் மூக்குக்கு முன்னால் நின்றபோதும் அதே மாதிரி கையை நீட்டிவிட்டது. அவனுக்கு அது புரிந்துவிட்டது. புரிந்ததுதான் பேஜார்.

“சின்ன சத்தம்ங்க. வீட்டுக்குப் போய்ப் பாத்துக்குறேன்” என்று விறைப்பாகச் சொல்லி உள்ளே ஏறினான்.

“அந்த ஹோஸ் அறுந்தா பிரேக் புடிக்காது. போறதுன்னா போங்க... பின்சீட்டுல உக்காந்திருக்கிறது உங்கம்மாவா?”

சம்பூர்ணம் கண்ணாடியை இறக்கினாள். “ஏம்மா, எம்புள்ள வேலை உனக்கு இன்னா தெரியும்? அவன் மாட்டினா மாட்டினதுதான். நீ எட்றா வண்டியை!” என்று சொல்லி, முந்தானையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

சாவியில் கை வைத்தான் நவநீதன். கண்ணாடியில் அம்மாவின் முகம். அவன் ஒன்றாங்கிளாஸில் வாங்கிய முட்டை மார்க்கைக்கூடப் பக்கத்து வீட்டில் காட்டிப் பெருமைப்பட்ட முகம். அந்த முகத்தை உட்காரவைத்து, அறுந்தாலும் அறுந்துவிடக்கூடிய ஒரு குழாயை நம்பி...

கையை எடுத்தான். இறங்கிப் பின்கதவைத் திறந்தான்.

“மா... எறங்கு.”

“ஏன்டா?”

“மாத்திப் போட்டுட்டேன். இடது வலது தெரியாம போட்டுட்டேன்.”

சொன்னபிறகு பூமி பிளக்கவில்லை என்பது அவனுக்கே ஆச்சரியம். அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் கண்கள் முதன்முறையாகச் சக்கரத்தை விட்டுவிட்டு அவனைப் பார்த்தன. முழுதாக... இமைக்காமல்...

“ஸ்பேனர் இருக்கா?” என்றாள்.

காலையில் வாங்கிய பெருமையில் ஜாக்கி, ஸ்டாண்டு, ஸ்பேனர் எல்லாம் டிக்கியிலேயே பளபளத்தன. பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். அவன் கீழே இரண்டு போல்ட்டைக் கழற்ற, அவள் பானட்டுக்குள் கைவிட்டு மேலே மூன்று நட்டைத் திருகினாள். சம்பூர்ணம் லுங்கி மூட்டையின் மேல் உட்கார்ந்து இருவருக்கும் குடை பிடித்தாள். பாலத்துக்கடியில் குடை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

“கிரீஸ் ஆவப்போவுதுங்க, கைல.”

“ஷெட்டுல ஆவாத கிரீஸா? நீங்க புடிங்க... ஐயோ, அது உங்க இடதுங்க!”

“இனிமே நீங்க சொல்ற பக்கம்தான் எனக்கு இடது.”

“இப்டி எத்தினி பேர்கிட்ட சொல்லியிருக்கீங்க?”

“மாத்திப் போட்டது இதான் மொத வாட்டி.”

அவள் சிரித்தாள். கன்னத்தில் கறுப்பாக ஒரு கிரீஸ் கோடு. மழை அப்போதுதான் கொஞ்சம் குரலைத் தாழ்த்தியது. எதற்கென்று மழைக்குத்தான் தெரியும்.

கடைசி போல்ட் இறுகியது. ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒடித்தான். சத்தமே இல்லை. ஹோஸ் தளர்ந்து, தன் இடத்தில் சாதுவாகத் தொங்கியது. மறுநாள் கம்பெனியில் இந்தக் கதையை எப்படி மாற்றிச் சொல்வது என்று மனசு ஒரு பக்கம் யோசிக்க ஆரம்பித்தது. அதை அவனே அதட்டி உட்காரவைத்தான்.

“வீட்டுல, கம்பெனில எல்லார்கிட்டயும் நீங்கதான் சரி பண்ணீங்கன்னு சொல்லப்போறேன்.”

“பேரே கேக்கல, எப்டிச் சொல்வீங்க?”

கிரீஸ் கையாலேயே தலையைச் சொறிந்தான்.

“யோகலட்சுமி” என்று அவளே சொன்னாள்.

ஜோடி சேர்ப்பதே என் தொழில் என்று தொடங்கும் அருமையான வசனம் ஒன்று அவன் நாக்கு வரை வந்தது. நல்லவேளை, அதை அப்படியே விழுங்கிவிட்டான். வந்தது இவ்வளவுதான்:

“யோகலட்சுமி... தப்பு பண்ணேன்னு நான் யார்கிட்டயும் சொன்னதேயில்லீங்க. உங்க எதிர்ல சொன்னப்ப... வெக்கமா இல்ல. எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு.”

அவள் ஸ்பேனரைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். நாலு தறியைத் தனியாக ஓட்டுகிறவளின் கம்பீரம் அந்தக் கழுத்தில் இருந்தது.

“அப்டியே வண்டியை எடுத்துட்டுப் போயிருந்தீங்கன்னா திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன். எறங்கினீங்க பாருங்க... எனக்கு அப்பவே புடிச்சிப்போச்சு.”

“அப்ப நல்ல நேரம் பாத்துக் குடியாத்தத்துக்கு வர்றோம்மா!” என்று குடைக்குள்ளிருந்து முழங்கினாள் சம்பூர்ணம். கழுத்தை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தியிருந்தாள்.

அப்போது மணி நாலு நாற்பது. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரைக்கே ஆரம்பித்துவிட்டிருந்தது.