சிலம்பரசனின் லாகின்

ஆபீசில் நிரல் எழுதுகிறவர்கள் நாலு பேர். சுவரில் மாட்டிய திரையில் ஐந்து பட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன.

ஐந்தாவது சிலம்பரசன். போன தையில் பிச்சாவரத்துச் சதுப்புத் தண்ணீரில் போய்ச் சேர்ந்தவன்.

ஆபீசில் தனியாக இருந்த பிரீதா உடனே பயந்துவிடவில்லை. தப்பு அவளுடையதுதான். யார் எவ்வளவு நிரல் எழுதுகிறார்கள் என்று அப்போதைக்கப்போதே ஆளுக்கொரு பட்டையாகக் காட்டுகிற பலகை அது, அவள் செய்தது. இணைப்புக் கொடுக்க முழு அனுமதி உள்ள லாகின் வேண்டும். புதிதாகக் காசு கொடுத்து வாங்கச் சொன்னால் முதலாளி ராஜமாணிக்கம் மூக்கால் அழுவார். செத்தவன் லாகினை யாரும் மூடவில்லை, அதையே செருகிவிட்டாள். இந்த மஞ்சக்குப்பத்து மாடிக் கம்பெனிகளில் இதெல்லாம் சகஜம். சாயங்காலம் வெளிநாட்டுக்காரர்கள் பார்க்கும்வரை பலகை ஓடியாக வேண்டும். நின்றால் ஒப்பந்தம் போச்சு, அவள் வேலையும் போச்சு.

புயல் மழை என்று மற்றவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். முதலாளிக்கு போன் போட்டாள்.

"சார், சிலம்பு பேர்ல பட்டை ஏறுது."

"ஏறட்டுமே. உயிரோட இருந்தப்ப ஏறுனதே இல்ல. வர்றவங்களுக்கு ஆளு ஜாஸ்தியா தெரியும், வுடும்மா."

"எந்த ஊர்லேர்ந்துன்னும் காட்டுது சார். பிச்சாவரமாம்."

"அங்க டவர் கெடைக்குதா? எனக்கு முதுநகர்லயே கெடைக்கல." சிரிப்போடு லைன் அறுந்தது.

மழை ஜன்னல் தகரத்தில் விரல் விரலாகத் தட்டிக்கொண்டிருக்க, மத்தியானமே இருட்டிப்போன அறைக்குள், பூட்டிய கதவின் அடியிலிருந்து சதுப்புச் சேற்றின் அழுகல் வாடை மெதுவாக ஊர்ந்து வந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டது. திரையில் ஊர் மாறியிருந்தது. சிதம்பரம். பட்டை தன்பாட்டுக்கு ஏறியது. கொஞ்ச நேரத்தில் புதுச்சத்திரம்.

பஸ்ஸில் வருகிறவன் மாதிரி வந்தான்.

முதுநகர். பக்கத்தில் வந்துவிட்டான்.

ஓடிவிடலாம். இருப்பது ஒரே மாடிப்படி. அவன் ஏறி வரப்போகிற படி.

வேலை போனால் போகட்டும். 'இணைப்பைத் துண்டி' என்பதை அழுத்தினாள்.

'உரிமையாளர் அனுமதி தேவை. சிலம்பரசனிடம் கேட்கப்பட்டுள்ளது.'

மஞ்சக்குப்பம்.

படியில் சத்தமே இல்லை. கதவும் திறக்கவில்லை. மழைகூட நின்றுவிட்டது.

'உரிமையாளர் பதில் எழுதுகிறார்.'

பக்கத்து மேசையில் யாருமில்லை. கீபோர்டில் ஓர் எழுத்து அமுங்கியது. இன்னொன்று. அவசரமேயில்லாமல், ஒற்றை விரலால் தட்டுவதுபோல. அமுங்கியது ஒவ்வொன்றும் எழும்பும்போது அடியிலிருந்து கறுத்த தண்ணீர் கசிந்து, ஒட்டிக் கிடந்த அவள் மேசைக்கு ஓடி, விளிம்பில் திரண்டு, மடியில் சொட்டியது.