நாற்பத்தொன்றாவது குரல்

ஆரப்பாளையத்தில் ஏறிய பஸ் பரவை தாண்டியதும் பாதி காலியானது. சோழவந்தானுக்கு முந்தைய ஸ்டாப்பில் இறங்கி, மைக்கும் லேப்டாப்பும் இருந்த பையோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். ஆறு மாதத்துக்கு முன்பு இங்கே நாற்பது பிள்ளைகளின் குரலை அளந்திருந்தேன். அவர்களை இன்று மறுபடி அளந்துவிட்டால் என் ஆராய்ச்சி முடிந்துவிடும்.

வேலை எளிது. மைக்குக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, பிள்ளை ஒரே மூச்சில் முடிந்தவரை 'ஆ' சொல்ல வேண்டும். திரையில் குரல் கோடாக ஓடும். பத்துப் பன்னிரண்டு வினாடியில் மூச்சு தீர்ந்து கோடு விழும். ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். இருமலோ வீசிங்கோ இருந்தால் படிவத்தில் சிவப்புக் கோடு.

தலைமையாசிரியர் அழகுபாண்டி அதே பழைய நூலக அறையைத் திறந்துவிட்டார். அடைத்த ஜன்னல், கரையான் மண் வாசம். வெளிச்சத்தம் வராது என்று நானே கேட்டு வாங்கிய அறை.

முதலில் வந்த அசோக்குமார் பதினோராவது வினாடியில் வாயை மூடினான்.

கோடு விழவில்லை.

ஹெட்போனில் மெல்லிய 'ஆ' ஒன்று தொடர்ந்து போனது.

"மிஸ், நான் நிறுத்திட்டேன்," என்று கிசுகிசுத்தான். "அது நானில்ல."

அடுத்த ஐந்து பிள்ளைகளுக்கும் அப்படியே. பிள்ளை நிறுத்தும், அது நிறுத்தாது. இடையில் மூச்சு இழுக்கும் ஒலியே இல்லை. மண் வாசத்துக்குள் நெஞ்சில் தேய்க்கும் தைலத்தின் வாசம் கலந்தது.

எனக்கு அந்த வாசம் தெரியும்.

ராக்கம்மாள். போன தடவை வரிசையில் நின்றவள். வீசிங் உண்டா என்றபோது பொய் சொல்லத் தெரியாமல் தலையாட்டினாள். சிவப்புக் கோடு போட்டேன். பின்னால் ஒருவன், "கெழவி பேரு, கெழவி மூச்சு," என்று சிரித்தான். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"மூச்சுதான் மிஸ் சரியில்ல. குரல் நல்லாத்தான் இருக்கு."

அடுத்த தடவை பார்க்கலாம் என்றேன்.

"அப்ப கட்டாயம் வாரேன் மிஸ்."

வெளியே போய் அழகுபாண்டியிடம் நடந்ததைச் சொல்லி, அவளைப் பற்றி விசாரித்தேன். ஐப்பசி மழையில் மூச்சு முட்டிச் செத்துப்போனாளாம். அறையைப் பூட்டிவிட்டு வேறு ஊர் பார்த்துக்கொள்ளச் சொன்னார். என் வழிகாட்டி சித்தார்த் சாருக்குப் போன் செய்தேன். அது வெறும் இரைச்சல், பதிவிலிருந்து வெட்டி எறியச் சொன்னார்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று கிடந்து கனன்றது. அந்தச் சிவப்புக் கோட்டை இழுக்க எனக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை. அந்தக் கையால் மறுபடியும் அவளை வெட்டுவதா?

"வெட்ட மாட்டேன் சார். அவளையும் சேர்க்கப் போறேன்."

"உன் ஆராய்ச்சியே செல்லாமப் போயிரும்மா."

"போகட்டும் சார்."

அறைக்குத் திரும்பிப் புதுப் படிவம் எடுத்தேன். எண் நாற்பத்தொன்று. பெயர் எழுதினேன். உடல்நிலை என்ற இடத்தில் 'ஆரோக்கியம்' என்று அழுத்தி எழுதினேன். அவள் குள்ளம். மைக்கை இறக்கி, காலி நாற்காலிக்கு நேராகத் திருப்பினேன்.

"வா ராக்கு. உன் முறை."

நாற்காலி முனகியது.

கோடு எழுந்தது. நான் அளந்ததிலேயே தெளிவான குரல், துளி நடுக்கமில்லை. பத்து வினாடி. முப்பது. ஒரு நிமிடம். பள்ளி விடும் மணி அடித்து ஓய்ந்தது. கோடு ஓடிக்கொண்டே இருந்தது.

நாலரைக்குப் பதிவை நிறுத்தி, லேப்டாப்பை அணைத்துப் பைக்குள் வைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் பை என் மடியில் இருந்தது. பரவையில் ஏறிய ஒரு பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பையையே பார்த்தவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"யாரு புள்ளம்மா இது, இம்புட்டு நேரம் மூச்சே விடாம 'ஆ'ங்குது?"

பையை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

"ராக்கம்மாள்னு பேரு, அக்கா. குரல் நல்லா இருக்குல்ல?"