வணக்கம் போடும் வரை

"என்னாடி இது?"

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக் குண்டானை அடுப்பில் ஏற்றக் குனிந்த சந்திரகலாவின் இடுப்பிலிருந்து ஒரு காகிதத் துண்டு விழுந்தது. அவள் எடுப்பதற்குள் மாமியார் மணியம்மாள் எடுத்துவிட்டாள். பாதியாகக் கிழித்த சினிமா டிக்கெட்!

"வூட்ல டிவி பொட்டிய வெச்சிக்கினு கொட்டாய்க்கு ஓடினியா? நேத்து மத்தியானம் கடைக்குப் போறேன்னியே... இதானா அந்தக் கடை?"

சந்திரகலா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். துவைக்கப் போட்ட மாமனாரின் சட்டைப் பையில் கிடைத்த டிக்கெட் அது. கோதண்டராமன் சனிக்கிழமை தவறாமல் மலை சுற்றப் போகிறவர். மூன்றரை மணி நேரம் கழித்து வருகிறவருக்கு மணியம்மாள் வெந்நீர் வைத்து, பாதத்துக்கு விளக்கெண்ணெய் தடவிவிடுவாள். அப்படி ஒரு பக்தி! அதைக் கெடுப்பானேன் என்று, அடுப்பில் போடத்தான் டிக்கெட்டை இடுப்பில் செருகி வைத்திருந்தாள்.

"உனக்காகத்தானே கலா டிவி வாங்கினேன்?" கணவன் சகாதேவன் கிட்டே வந்து கேட்டான். "வரிசையில நின்னு இடிபடாம வூட்லயே உக்காந்து பாக்கட்டும்னுதானே..."

அதுதான் அவளைச் சுட்டது. உட்கார்ந்து பார்ப்பதா! டிவி வந்த இந்த ஒரு வருஷத்தில் அவள் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஞாயிறு சாயங்காலம் தெருவே கூடத்தில் உட்கார்ந்திருக்கும். எல்லோருக்கும் காபி கலக்கி, தண்ணீர் கொடுத்து, பாய் விரித்துவிட்டு அவள் வந்து நிற்கும்போது செய்தி ஓடிக்கொண்டிருக்கும். டிவி வருமுன் போன கொட்டகை இருட்டில் யாரும் அவளைத் தண்ணீர் கேட்டதில்லை. கடைசியில் திரையில் 'வணக்கம்' போட்டால், தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கைகூப்பிவிட்டுத்தான் எழுவாள், பைத்தியக்காரி!

"வாயில என்னா கொழுக்கட்டையா? கெளம்புடி! கீழ்பென்னாத்தூர் பஸ் பத்து மணிக்கு. உங்கம்மா வூட்ல போய் ஆடு!"

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "சரிங்கத்தை... போறேன்."

மூலையில் கோதண்டராமன் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மணியம்மாளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. டிக்கெட்டை மகன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "பாருடா உம் பொண்டாட்டி பவுச! படி!"

சகாதேவன் படித்தான். "பெஞ்ச்... ஆண்கள்." கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான். "அம்மா! இது ஆம்பளைங்க டிக்கெட்டும்மா!"

மூலையில் பேப்பர் உயர்ந்து கோதண்டராமனின் முகத்தை மறைத்தது.

"ஏங்க..." மணியம்மாள் மெதுவாகக் கேட்டாள். "மலைய எத்தினி ரீல்ல சுத்தினீங்க?"

"என்னா பண்ணச் சொல்ற மணி? ஞாயித்துக்கெழமையானா என் சேர்ல எவனோ உக்காந்துக்குறான்! சத்தம் வேற ஜாஸ்தி, ஒரு வசனம் காதுல வுழல..."

"ஐயோ, எத்தினி வாரம் எண்ணெ தடவினேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டவள் மருமகள் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சும் ஏண்டி வாய மூடிக்கினு நின்ன?"

"மாமா உங்க முன்னால தலகுனிஞ்சு நிக்கணுமே அத்தை... எனக்கு மனசு வரல."

"பாவி நான்... உன்னப் போய் பஸ் ஏறச் சொன்னேனே!" மணியம்மாள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். "உனக்கு என்னா வேணும்? கேளுடி!"

"ஒரே ஒரு படம் அத்தை... வணக்கம் போடற வரைக்கும் உக்காந்து பாக்கணும்."

அன்று சாயங்காலம் தெருக்காரர்கள் வந்து பார்த்தால் கதவில் பூட்டு! ஆண்கள் பெஞ்சில் அப்பனும் மகனும். பெண்கள் பெஞ்சில் மாமியாரும் மருமகளும். "வர்ற சனிக்கெழம நானும் மலை சுத்த வர்றேன், செருப்பில்லாம" என்று வழியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள் மணியம்மாள். கோதண்டராமன் படம் முழுக்கப் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். இடைவேளையில் மருமகளுக்கு முறுக்கு வாங்க மாமியாரே எழுந்து போனாள்.

படம் முடியும் நேரம். ஜனங்கள் எழத் தொடங்க, ராத்திரிச் சமையல் ஞாபகம் வந்து சந்திரகலாவும் எழுந்தாள். முந்தானையைப் பிடித்து இழுத்தாள் மணியம்மாள்.

"உக்காருடி. இன்னும் வணக்கம் போடல."

திரையில் எழுத்து வந்தது. சந்திரகலா கைகூப்பினாள். அவளைப் பார்த்து, அது என்ன எழுத்து என்று தெரியாத மணியம்மாளும் கைகூப்பினாள்.