காற்று இழுக்கும் இடம்

எஞ்சின் துடிப்பில் ஒன்று தவறுவது தங்கதுரைக்குப் புதிதல்ல. சில வாரங்களாகவே வண்டி நின்றபடி ஓடும்போது நொண்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இன்று சாயங்காலம், தவறிய துடிப்பின் இடம் காலியாக இல்லை. டுப், டுப், டுப் என்று வந்து ஒன்று விட்டுப்போனதும், அந்த இடைவெளிக்குள் ஈரமான, மெல்லிய இழுப்பு ஒன்று கேட்டது. உறிஞ்சுகுழலின் கடைசித் துளியை இழுப்பதுபோல. பிறகு எஞ்சின் அணைந்தது.

அவன் பெட்ரோல் டேங்கைக் கையால் ஓங்கி அடித்தான்.

சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் போட்ட லைன் வீடுகளில் அவர்களுடையது கடைசி. மழைக்குக் கரண்டு போயிருந்தது. வாசல் தகரக் கொட்டகையில், சீட்டின் மேல் சாய்த்து வைத்த செல்போன் வெளிச்சத்தில் அவனும் அந்தப் பழைய கார்புரேட்டர் பைக்கும். உள்ளே மெழுகுவத்தி வெளிச்சத்தில் ராஜலட்சுமி, மடியில் ஆறு வயது சுப்ரியா. பிள்ளைக்கு இழுப்பு. பஃப் மருந்து மத்தியானமே தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் புகை மருந்து வைத்தால்தான் அடங்கும்.

"கிளம்பலாமாங்க? உதடு ஒரு மாதிரி கறுக்குதுங்க."

"இந்த லட்சணத்துல கிளம்புனா மேம்பாலத்து நடுவுல நின்னுரும். நடந்து போவியா?"

நேற்று அப்படித்தான் நின்றது. முன்னும் பின்னும் லாரிகள், மிதித்து மிதித்துக் கால் வலித்ததுதான் மிச்சம். போன வாரம் பார்த்த மெக்கானிக் காதில் போனை வைத்துக்கொண்டே ஏதோ ஒரு திருகைத் திருகிவிட்டு, "ஓடும்ணா, போ" என்று அனுப்பியிருந்தான். அவனை நினைத்தபோது தங்கதுரையின் பற்கள் ஒன்றோடொன்று உரசின.

பக்கத்து வீட்டு முனிலட்சுமி தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றாள். "ஆட்டோவுக்கு போன் பண்ணேம்பா. சிப்காட் கேட்டாண்டயே டிராபிக்ல நிக்குதாம், நவுரலயாம். ஆம்புலன்ஸும் அதே ரோட்லதான வரணும். எங்க வீட்டுக்காரரு வண்டிய எடுத்துட்டு ஷிப்ட்டு போய்ட்டாரு."

"அதுக்குத்தான இத ரெடி பண்றேன்."

"நானும் பாக்கறேன், தெனம் இதையேதான் ரெடி பண்ற. கம்பெனி எஞ்சினெல்லாம் நீ காத வெச்சா ஓடுதாம். ஊட்டு வண்டிக்கு மட்டும் உன் காது ஆவலயா?"

"உள்ள போய் அவகிட்ட உக்காருக்கா. எங்கிட்ட பேசாத."

அவள் சொன்னது உண்மை. எஞ்சின் கம்பெனியில் அசெம்பிளி லைனின் கடைசியில் நிற்பவன் அவன். ஓடவிட்ட எஞ்சினைக் கேட்டு, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று சொல்வது வேலை. எத்தனையோ இரைச்சலுக்கு நடுவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிடக் காதைப் பழக்கியிருந்தான்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டித் திரும்ப மாட்டினான். டேங்கின் அடியில் பெட்ரோல் டேப்பை மூடி, குழாயை உருவி, கார்புரேட்டரை வெளியே எடுத்தான். அதன் அடிக்கிண்ணத்தைக் கவிழ்த்தான், மழைச் சேற்றில் பெட்ரோல் வானவில்லாக விரிந்தது. பழைய கிளட்ச் கேபிளிலிருந்து பிரித்த ஒற்றைக் கம்பியால், பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்டின் ஊசித்துளையைக் குத்தி, வாயால் ஊதினான். மறுபக்கம் காற்று போனது. ஏர் ஃபில்டர் பெட்டியை மாட்டப் பொறுமையில்லை. கார்புரேட்டரின் வாய் திறந்திருக்க, அப்படியே பொருத்தி மிதித்தான். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

நொண்டல் போகவில்லை. எங்கோ காற்று இழுக்கிறது. கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் ரப்பர் மூட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். வெடிப்பு இருந்தால் எஞ்சின் சத்தம் மாறும். மாறவில்லை. ஆனாலும் இழுத்தது. வேறு எங்கிருந்தோ.

உள்ளேயிருந்து பிள்ளையின் நெஞ்சு விசிலடித்தது. எஞ்சினின் இழுப்பும் அதுவும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எது எது என்று பிரிக்க முடியாமல் குழம்பியது. அவனுக்குள் ஏதோ அறுந்தது.

"அவளக் கொஞ்சம் சத்தம் போடாம இருக்கச் சொல்லு. எஞ்சினே கேக்க மாட்டேங்குது."

என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது. ஸ்க்ரூடிரைவரை, காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவில் வைத்துக் கால் சுற்று திருப்பினான்.

நொண்டல் குறைந்தது. விசிலும் குறைந்தது.

இன்னொரு கால் சுற்று. துடிப்புகள் நெருங்கி வந்தன. விசில் நூலாக மெலிந்தது. காது கூர்ந்துகொண்டே போனது. மழை போயிற்று, தகரம் போயிற்று, நெடுஞ்சாலையின் ஹாரன்கள் போயின. எஞ்சின் மட்டும். இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரு மயிரிழை.

டுப் டுப் டுப் டுப்.

தவறவே இல்லை. லைனில் வந்திருந்தால் பாஸ்.

"ஏங்க, இழுப்பு நின்னுருச்சுங்க," என்றாள் ராஜலட்சுமி உள்ளேயிருந்து. குரலில் சிரிப்பு இருந்தது. "அமைதியா படுத்திருக்கா."

"சரி, தூக்கிட்டு வா. போயி காட்டிட்டே வந்துரலாம்."

கருவிகளைப் பொறுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தான். பெட்ரோல் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. உருவியதைத் திரும்ப மாட்டவேயில்லை. டேப் மூடியிருந்தது. கிண்ணத்தில் இருந்த பெட்ரோலையும் அவனே கவிழ்த்திருந்தான்.

எஞ்சின் ஓடியது.

புகைக்குழாயின் பக்கம் முகத்தைக் கொண்டுபோனான். பெட்ரோல் நெடி இல்லை. வெதுவெதுப்பாக, கொஞ்சம் புளித்த பால்போல ஒரு வாசனை. காய்ச்சல் இரவுகளில் அவன் தோளில் முகம் வைத்துத் தூங்கும் பிள்ளையின் மூச்சு.

சாவியைத் திருப்பினான். நிற்கவில்லை. பிளக் மூடியைப் பிடுங்கினான். விரலில் கரண்டு சுள்ளென்று அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. அதே துடிப்பு.

"ஏங்க." சிரிப்பு போயிருந்தது. "இங்க வந்து பாருங்களேன். நெஞ்சு ஏறி எறங்கவே இல்லங்க."

முனிலட்சுமியின் குரல்: "மெழுகுவத்திய மூக்காண்ட கொண்டா. இன்னும் கிட்ட. ஐயோ, தீ ஆடலியே ராஜி."

நில்லுடா. சனியனே, நில்லு. உதைத்தான். வண்டி ஸ்டாண்டில் ஆடியது. துடிப்பு மாறவில்லை. அவன் காலின் கோபம் அதற்கு ஒன்றுமே இல்லை.

எதற்கும் அடங்காத எஞ்சினுக்கு ஒரு வழி உண்டு. மூச்சை அடைப்பது. கார்புரேட்டரின் திறந்த வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான், முழு பலத்தோடு, இத்தனை வாரத்துக் கோபத்தோடு.

இரும்பு இல்லை.

மெத்தென்று இருந்தது. ஈரமாக. விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னக் கூர்மைகள். அவற்றுக்கு உள்ளே, வெதுவெதுப்பாக ஏதோ ஒன்று அவன் உள்ளங்கையைத் தள்ளியது.

எஞ்சின் திணறியது.

உள்ளே பாய் சரசரத்தது. குதிகால்கள் தரையில் மோதின.

"பாப்பா... என்னங்க, கைய கால ஒதறுறா. வாயத் தொறக்க முடியல அவளுக்கு. யாரோ பொத்தி வச்ச மாதிரி... ஏங்க, வாங்க!"

கையை எடுத்தான்.

கை வரவில்லை.

இடது கையால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். காலை எஞ்சினில் ஊன்றி இழுத்தான். தோல் நீண்டது. உள்ளங்கையின் சதை அந்த வாய்க்குள் இன்னும் கொஞ்சம் போனது.

குதிகால்களின் சத்தம் மெதுவானது. கைக்கு அடியில், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் உதடுகள் அசைந்தன.

அவனை அப்பா என்று கூப்பிட்டன.