கடைசி ஆளின் குரல்

பழைய மலைச்சாலையின் அடிவாரத்தில், வண்டிகளைத் தடுக்கப் போட்டிருந்த இரும்புக் கம்பத்தருகே, ஆந்தை சைக்கிளை நிறுத்தியபோது மதியம் இரண்டு மணி. காவலாளி நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"பக்கத்துலயே வழவழன்னு புது ரோடு போட்டு வச்சிருக்காங்க. நீங்க என்னன்னா இதுலதான் போவேன்னு வந்து நிக்கிறீங்க" என்றார்.

"இதுல வண்டி வராதுல்ல, அதான்."

"வண்டி வராது. கல்லு வரும்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். "போங்க, போங்க. நாலு மணிக்கு மேல நான் இருக்கமாட்டேன். உள்ள ஃபோனும் எடுக்காது."

ஆந்தை என்பது சைக்கிள் குழுவில் வைத்த பெயர். கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவன். விடிந்ததும் தூங்கப் போகாமல் சைக்கிளோடு வந்து நிற்பான். அந்த வேலை இப்போது இல்லை. யாரும் நீக்கவில்லை. ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அவ்வளவுதான். குழுவையும் அப்படியே விட்டான். ஒரு வருடமாக அவன் வாய் திறந்து பேசியது கடைக்காரர்களிடமும் அக்காவிடமும்தான்.

இன்று வந்ததும் அக்காவுக்காக.

"அவர் கடைசியாப் போன ரோட்டை நான் பார்க்கணும்டா. நீ கீழ இருந்து வா. நான் புது ரோட்டுல கார்ல வந்து மேல நிக்கிறேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். மேலே போனதும் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவன் முடிவு செய்திருந்தான். சொன்னால் அவளும் கையைவிட்டுப் போய்விடுவாள். மிச்சம் இருந்த ஒரே ஆள் அவள். சொல்லாமல் இருந்து பார்த்தாகிவிட்டது, அதுவும் முடியவில்லை.

சாலை ஆற்றை ஒட்டி ஏறியது. இரண்டு பக்கமும் பாறை சுவராக எழுந்து, வானத்தை ஒரு நாடா அளவுக்கு விட்டு வைத்திருந்தது. ஆறு கண்ணில் படவில்லை. அடியில் எங்கோ இரைந்துகொண்டிருந்தது. காலையில் பெய்த மழையில் தார் கறுத்துக் கிடந்தது. ஈரக் கல், அழுகிய இலை, துருவேறிய இரும்பு எல்லாம் கலந்த ஒரு வாசனை. பத்தாவது வளைவில் பனி இறங்கி வந்து பாறையையும் மறைத்தது. பிறகு அவனுக்குத் துணையாக இருந்தவை மூன்று சத்தங்கள்: மூச்சு, செயின், ஈரத்தில் உருளும் டயர்.

சாலையின் நடுவே ஒரு பள்ளம் வந்தது. அவன் இடது கை தானாகவே கீழே இறங்கி அதைச் சுட்டிக் காட்டியது. கூட்டமாக ஓட்டிப் பழகியவனின் கை. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்காமல், பின்னால் வருகிறவனுக்குப் பள்ளத்தைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். யாருக்குடா காட்டுற, லூசு என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

பின்னால் இன்னொரு டயர், பள்ளத்தைச் சுற்றி விலகி வந்தது.

அவன் பிரேக் பிடித்தான். காலை ஊன்றித் திரும்பினான். பனி. பனிக்குள் பாறையிலிருந்து நீர் சொட்டும் ஓசை. வேறொன்றுமில்லை.

மறுபடி மிதித்தான். மறுபடி அந்த டயர். இரண்டு முழம் பின்னால், அவன் வேகத்துக்கு ஈடுகொடுத்து. காற்றுக்கு அவன் முதுகில் ஒதுங்கி வருகிற ஆளைப் போல.

அடுத்த வளைவில் தைல வாசனை வந்தது. முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம்.

அவர்கள் குழுவில் மாமாதான் அந்தத் தைலத்தைத் தேய்ப்பார். அக்காவின் கணவர். எட்டுப் பேரில் நன்றாக மிதிக்கக்கூடியவர் அவர்தான். ஆனாலும் யாரும் விடுபட்டுவிடக் கூடாதென்று எப்போதும் கடைசியில் வருவார். குழுவில் அவர் பெயர் 'வால்'. "தலை நரைச்சும் வால் ஆடுது பாரு" என்று அக்கா கிண்டல் செய்வாள். இந்த மலைச் சாலையில், கணவாய்க்குச் சற்றுக் கீழே, மலையைக் குடைந்த ஒரு நீளமான குகை உண்டு. அதைத் தாண்டியதும் எல்லோரும் நின்று காத்திருப்பார்கள். கடைசி ஆள் வெளியே வந்து "கடைசி!" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்தால்தான் குழு நகரும். அதைச் சொல்வது எப்போதும் மாமாதான்.

போன வருடம் இதே நாளில் கொட்டும் மழை. குகைக்கு இந்தப் பக்கம் மாமாவின் செயின் கழன்றது. "நீ போடா, பின்னாலதான் வரேன்" என்றார். ஆந்தை போனான். இரவெல்லாம் உலைக்கு முன்னால் நின்ற உடம்பு; குளிரில் பல் தந்தியடித்தது. குகைக்கு வெளியே ஆறு பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். குழுத்தலைவர் உள்ளே பார்த்துக் கத்தினார்: "எல்லாரும் வந்தாச்சா?"

இரண்டு நிமிடத்தில் வரப்போகிறவருக்காக எதற்கு நிற்க வேண்டும்? இறக்கத்தில் மாமா எப்படியும் பிடித்துவிடுவார். குகையின் இருட்டுக்குள் இருந்தபடியே ஆந்தை சொன்னான்.

"கடைசி!"

குகைக்குள் எல்லார் குரலும் ஒரே குரல்தான். வெளியே நின்றவர்கள் உடனே மிதித்துக் கிளம்பினார்கள்.

மாமா பிடிக்கவில்லை. குகையைத் தாண்டி அவர் குரல் கேட்டது என்று தலைவர் அடித்துச் சொன்னார். அதனால் இரண்டு நாள் மறுபக்கச் சரிவில் தேடினார்கள். மூன்றாம் நாள் இந்தப் பக்கம், குகைக்கு நூறு அடி முன்னால், கீழே ஒரு பாறைத் திட்டில் கிடைத்தார். ஒடிந்த காலை சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டியிருந்தார். இரண்டாம் நாள் வரைக்கும் உயிர் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். குகைக்கு அந்தப் பக்கம் போனவர் இந்தப் பக்கம் எப்படி வந்தார்? எதையோ விட்டுவிட்டு எடுக்கத் திரும்பியிருப்பார் என்று பேசி முடித்தார்கள். ஆந்தையும் தலையாட்டினான்.

இப்போது அந்த இடம் வந்தது. கைப்பிடிச் சுவரில் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அதைத் தாண்டும்போது பின்னால் வந்த டயர் ஒரு கணம் தயங்கி, பிறகு தொடர்ந்தது.

குகைக்குள் காற்று பழைய தண்ணீர்த் தொட்டிபோல நாறியது. நடுவில் குகை லேசாக வளையும். அங்கே நின்றால் இரண்டு வாயும் ஒரு காசு அளவு வெளிச்சமாகத் தெரியும். அந்த இடத்தில் அவன் மிதிப்பதை நிறுத்தினான். பின் சக்கரம் டிக் டிக்கென்று ஓடி ஓய்ந்தது.

இன்னொரு டிக் டிக் ஓயவில்லை.

"மாமா?" என்றான், மூச்சுக்கு மேல் சத்தம் வராமல்.

"போடா. பின்னாலதான் வரேன்."

அவன் எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. குகையின் மேல்வாயில் இன்னொரு இரும்புக் கம்பம். அதற்கு அப்பால் கார். காரில் சாய்ந்தபடி அக்கா. மாமாவின் பழைய கோட்டைப் போட்டிருந்தாள்.

"என்னடா, மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு? சாப்பிட்டியா இல்லையா?"

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நான் முதல்ல கேட்டுர்றேன். விட்டா அழுதுருவேன், அப்புறம் கேக்க வராது." கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டாள். "அன்னைக்கு அவர் 'கடைசி'ன்னு சொன்னப்ப நீதானே பக்கத்துல இருந்தே? எப்படிச் சொன்னார்? களைச்சுப் போயா? சிரிச்சுக்கிட்டா?"

ஆந்தை வாயைத் திறந்தான். குகையிலிருந்து வந்த காற்று அவன் பிடரியில் பட்டது. உள்ளே, இருட்டில், டிக் டிக்கென்று அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.

"எதுக்குக் கேக்கறேன்னா, யாரையும் விட்டுடலைங்கிற நிம்மதி அவருக்குக் கிடைச்சிருக்கு பாரு, அதை நினைச்சுக்கிட்டுத்தான்டா நான் தூங்குறேன். என்கிட்ட வேற ஒண்ணுமில்ல."

"சிரிச்சுக்கிட்டுதான்க்கா" என்றான். "எப்பவும் போல."

டிக் டிக் நின்றது.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் தோள் கொஞ்சம் தளர்ந்தது. "ஏதோ சொல்லணும்னியே?"

"வேலைக்குத் திரும்பப் போலாம்னு இருக்கேன்."

"இதைச் சொல்லவா பேயடிச்ச மாதிரி நிக்கிறே? ஏறு. சைக்கிளைப் பின்னால போட்டுக்கலாம்."

இரண்டு மணி நேரம் அவள் பக்கத்தில், அந்தக் கோட்டின் பக்கத்தில் உட்கார்ந்து வர அவனால் முடியாது. "வேண்டாம்க்கா. இறக்கம்தானே."

"சொன்னா கேக்கிற ஆளா நீ? சரி, குகைக்கு அந்தப் பக்கம் போனதும் ஒரு குரல் குடு. அதைக் கேட்டுட்டுதான் கிளம்புவேன். ஒருத்தரைத் தொலைச்சது போதும்."

அவன் உள்ளே நுழைந்தான்.

இந்தத் தடவை பின்னால் எதுவும் வரவில்லை. ஒரு டயரின் சத்தம்தான், அவனுடையது. தைல வாசனையும் இல்லை. முதலில் அப்பாடா என்றிருந்தது. வளைவு நெருங்க நெருங்க, அந்த இன்னொரு டயர் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டான். ஒரு வருடமாகத் தன்னோடு பேசாத உலகத்தில், சற்றுமுன்வரை ஒருவர் பின்னால் வந்துகொண்டிருந்தார். இப்போது அவரும் இல்லை.

நடு வளைவில் நின்றான்.

"மாமா."

சொட்டு. சொட்டு.

"நான் போய்ச் சொல்லிடுறேன், மாமா. இப்பவே போய்ச் சொல்லிடுறேன்."

சைக்கிளை அக்கா இருந்த பக்கம் திருப்பினான். ஒரு காலைப் பெடலில் வைத்தான்.

அப்போது கீழ்வாயிலிருந்து அந்தக் குரல் வந்தது. உரக்க, சிரித்துக்கொண்டே.

"கடைசி!"

அது மாமாவின் குரல் அல்ல.

அவனுடைய குரல்.

"சரிடா, பார்த்துப் போ!" என்றாள் மேலே அக்கா. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அக்கா! நான் இங்கதான் இருக்கேன்! அது நானில்ல!"

கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். அவன் காதுக்கே கேட்கவில்லை. பெடலை மிதித்தான், சக்கரம் சுழன்றது, மேல்வாயின் வெளிச்சம் காசு அளவிலேயே இருந்தது. எஞ்சின் சத்தம் ஒரு வளைவு, இரண்டு வளைவு தள்ளிப் போய்த் தேய்ந்துகொண்டே வந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான்.

கீழ்வாயின் வெளிச்சத்தில், அவனுடைய சட்டையோடு, அவனுடைய சைக்கிளில், ஒருவன் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தான். மேலிருந்து கார்ச் சத்தம் முழுசாக அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு காலை எடுத்துப் பெடலில் வைத்து, ஒரு முறைகூடத் திரும்பாமல், பனிக்குள் இறங்கிப் போனான்.